ஏகவேரும் ஹகீமின் பெயரும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நாங்கள் வீடு மாறியபோது மூத்தாப்பாவின் தகரப்பெட்டியும் கூடவே வந்தது. அவர் யூனானி வைத்தியம் பார்த்தவர். "உள்ளுக்கு எல்லாம் பழைய கடதாசிதான், கறையான் வரப்போகுது, ஒருக்கா திறந்து பாரு மகன்" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். உம்மா மௌத்தாகிய பிறகு, கடந்த நோன்புக்கு வீடு வெள்ளையடிக்கும்போதுதான் திறந்தேன். முப்பது வருஷம் பிந்திவிட்டது.

உள்ளே அரபுத்தமிழில் எழுதிய கொப்பியொன்று. குர்ஆன் மத்ரசாவில் பழகிய எழுத்தை வைத்துக்கொண்டு தட்டித்தடவி வாசித்தேன். ஒரு பக்கத்தில் 'ஏகவேரிய' என்ற சிங்களச் சொல் அரபெழுத்தில் இருந்தது. தூக்கம் கெட்டவருக்கும் தலைச்சூடேறிப் பிதற்றுபவருக்கும் இந்த வேரின் தூள். அளவு குன்றிமணி எடை. சர்ப்பகந்தா என்று இந்தியாவிலும், அஸ்ரோல் என்று யூனானியிலும் சொல்லப்படுவது இந்தச் செடிதான். தாவரவியலில் இதற்கு றவுவொல்பியா என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஹலப் நகருக்குப் போய், அங்குள்ளவர்கள் கோப்பி குடிப்பதை ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்ன ஜேர்மன் வைத்தியர் றவுவொல்ஃபின் நினைவாக வைத்த பெயர் அது. அவருக்கும் இந்தச் செடிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பெயர்கள் சிலவேளை இப்படியும் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த வேர் ஆய்வுகூடத்துக்குள் போன கதை டில்லியில் தொடங்குகிறது. ஹகீம் அஜ்மல் கான் கட்டியெழுப்பிய ஆயுர்வேத யூனானி திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். பரம்பரை மருந்துகளை நவீன இரசாயனத்தால் சோதிக்க வேண்டும் என்பது ஹகீமின் விருப்பம். அதற்காக ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கிக்கு உதவினார். சித்தீக்கி பிராங்க்பேர்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றது 1927இல். அதே ஆண்டு டிசம்பரில் ஹகீம் வபாத்தானார். 1931இல் சித்தீக்கி, றபாஅத் ஹுசைன் சித்தீக்கியோடு சேர்ந்து இந்த வேரிலிருந்து ஐந்து காரப்பொருட்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அவற்றில் மூன்றின் பெயர்கள் அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். படிக்க உதவியவருக்குப் பட்ட கடனை ஒரு இரசாயனவியலாளர் இதைவிட எப்படி அடைப்பது?

ஆனாலும் இரத்த அழுத்தத்தை இறக்கி, தூக்கத்தைத் தரும் முக்கிய சத்து அந்த ஐந்திலும் இருக்கவில்லை. அது எஞ்சிய பிசினுக்குள் கிடந்தது.

இடையில் முகம்மது மனால் தொடங்கிய ஹிமாலயா கம்பனி 1934இல் இதே வேரிலிருந்து 'சேர்பினா' என்ற குளிசையை விற்பனைக்கு விட்டது. பர்மாவில் மிரண்ட யானைகளுக்கு இந்த வேரைக் கொடுப்பதைக் கண்டுதான் மனாலுக்கு எண்ணம் பிறந்ததாக அந்தக் கம்பனி சொல்கிறது. 1949இல் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரித்தானிய இருதய சஞ்சிகையில் எழுதினார். மேலைநாட்டு வைத்தியர்கள் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பனியில் முல்லர், ஷ்லிட்லர் என்ற இரு இரசாயனவியலாளர்களும் பைன் என்ற மருந்தியலாளரும் ஒன்றாக அமர்ந்தார்கள். வேர்ச்சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது, வேலை செய்யும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் பிரிப்பது. 1952இல் அந்தப் பிசினிலிருந்து ரெசர்பின் வெளிவந்தது. கடைப்பெயர் 'சேர்பசில்'.

எங்கட கூட்டங்களில் இதைப் பேசினால் "ஹகீம்கள் கண்டதை வெள்ளைக்காரன் திருடிட்டான்" என்று கை தட்டல் வாங்கலாம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வேரில் உள்ள சத்து மண்ணுக்கு மண் மாறும். மூத்தாப்பாவின் குன்றிமணி எடையில் ஒரு நாள் அதிகமும் ஒரு நாள் குறைவும் போயிருக்கும். ரெசர்பினோ கால் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்து. அளவு கூடினால் சிலருக்கு மனம் சோர்ந்து போவதைக் கண்டுபிடித்ததும் அளந்து கொடுத்ததால்தான். அந்தச் சோர்வைத் துருவப் போய் மூளையின் இரசாயனம் பற்றியே புதிய அறிவு கிடைத்தது. ரெசர்பின் கொடுத்து முடங்கிப்போன முயல்களை ஆர்விட் கார்ல்சன் எல்-டோபாவால் எழுப்பினார். பார்க்கின்சன் நோய்க்கான மருந்துக்கு வழி திறந்தது அந்த முயல்கள்தான். அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாசலில் எந்த வேரைச் சோதிப்பது என்று தெரிந்திருந்ததே, அந்த அறிவுக்கு விலை போட்டவர் யாருமில்லை. என் சங்கடம் அங்கேதான்.

வாப்பா மூத்தாப்பாவின் வைத்தியத்தை மதித்ததில்லை. "தூளும் லேகியமும்" என்று சிரிப்பார். அறுபதுகளில் அவருக்குப் பிரஷர் வந்தபோது டொக்டர் எழுதிக்கொடுத்தது சேர்பசில். தன் வாப்பாட வேரைத்தான் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்லிப் போராடியதும், 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதும் அதற்குப் பிறகுதான்.

இன்று ரெசர்பின் எழுதும் டொக்டரைக் காண்பது அபூர்வம். அஜ்மலின் மட்டும் பெயரோடு இருக்கிறது. திடீர் மரணம் தரும் புறுகாடா என்ற இருதயக் கோளாறைக் கண்டுபிடிக்க, ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் அதை ஊசியாக ஏற்றிப் பார்க்கிறார்கள்.

1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோதே யூனானிக்கும் அங்கே இடம் இருந்தது. எங்கட ஹகீம்களின் கொப்பிகளை யாராவது அன்றே சேர்த்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு மிச்சப் பக்கங்களைப் பிரதி எடுத்து வருகிறேன். ஏகவேரியப் பக்கத்தின் அடியில் மூத்தாப்பா ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இதை எனக்குக் காட்டித் தந்தவர்". அடுத்த சொல் 'வெதமாத்தயா'. அதற்குப் பிறகு பெயர் இருந்த இடத்தில் கறையான் தின்ற ஓட்டை.