சாலை, செக்கு, தறி: கொங்குச் சிறைகளில் உழைப்பும் கல்வியும் சிகிச்சையும்

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதிப் பாசனத்தில் அமைந்த ஊர் கணியூர். சுற்றிலும் கரும்பும் நெல்லும் தென்னையும் விளைகின்றன. ஆனால் இளைஞர்களில் பலர் உடுமலைப் பகுதியின் நூற்பாலைகளுக்கோ திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கோ வேலைக்குப் போகிறவர்கள். இந்த வட்டாரத்தில் ஒருவர் கைதானால் விசாரணைக் காலத்தில் உடுமலைப்பேட்டை கிளைச் சிறை போன்ற சிறிய சிறை ஒன்றில் இருக்க நேரிடும். நீண்ட தண்டனை என்றால் கோவை மத்தியச் சிறை. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமான பின்னும் இந்த வழி மாறவில்லை.

சிறைக்குப் போனவர் ஒருநாள் திரும்பி வருவார். வந்ததும் பிழைக்க ஒரு வேலை வேண்டும். சிறை கொடுத்த தொழில், படிப்பு, மருத்துவம் ஆகியவை அதற்கு எந்த அளவு உதவுகின்றன? கோவைச் சிறையை மையமாக வைத்து, சுமார் இருநூறு ஆண்டுகளில் இந்தத் திட்டங்கள் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது. சிறை உழைப்பின் நோக்கம் காலந்தோறும் புதிதாக எழுதப்பட்டது. என்ன வேலை என்பதை மட்டும் பெரும்பாலும் அரசின் தேவையே தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மதிலுக்குள் வந்த உழைப்பு

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் தண்டனைக் கைதிகள் விலங்குடன் சாலை போட்டார்கள். மெக்காலேயின் முன்முயற்சியால் 1836இல் அமைந்த சிறை ஒழுங்குக் குழு, 1838இல் அறிக்கை தந்தது. சாலைப் பணியை நிறுத்த வேண்டும், பெரிய மத்தியச் சிறைகளைக் கட்ட வேண்டும், மதிலுக்குள் சலிப்பூட்டும் கடும் உழைப்பை வாங்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். கைதிகளுக்குக் கல்வி தருவதிலோ, அதனால் அவர்கள் திருந்துவார்கள் என்பதிலோ அக்குழு நம்பிக்கை வைக்கவில்லை. அச்சம் ஊட்டுவதே சிறையின் வேலை என்பது அதன் நிலைப்பாடு.

பயனற்ற உழைப்பை வாங்குவது அரசுக்கும் செலவுதான். எனவே நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறைகள் தொழிற்கூடங்களாக மாறின. ஆக்ரா சிறையின் கம்பளங்கள் வெளிநாடு வரை பெயர் பெற்றன. சிறைப் பொருள் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது தனியார் உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு அரசு கண்ட தீர்வு, சிறைகளை அரசுத் துறைகளுக்கான பொருள்களைச் செய்ய வைப்பது. இன்றைய சிறைத் தொழில்களின் முகத்தில் இந்தத் தீர்வின் சாயல் இன்னும் தெரிகிறது.

கோவை மத்தியச் சிறை 1872இல் நிறுவப்பட்டது. நான்கே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் கொங்கு நாட்டைத் தாக்கியது. பஞ்ச நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். சிறை உணவைப் பற்றி முன்பே ஆராய்ந்திருந்த அவர், உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்று வாதிட்டார். பஞ்சத்தில் உழைத்தவனைவிடச் சிறையில் இருந்தவனுக்கு அதிக உணவு கிடைத்தது. சிறைக் கைதியின் உடல் எடையும் உணவும் இறப்பும் அளந்து பதியப்பட்டதால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமானது. சிறைகளின் கண்காணிப்பாளர்களாகவும் தலைமை அதிகாரிகளாகவும் இந்திய மருத்துவப் பணியினர் பலர் இருந்தார்கள். ஆக, சிறையில் மருத்துவம் உழைப்பைத் தாங்கும் உடலைக் காக்கும் கணக்காகவே தொடங்கியது.

1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு நிலையான வடிவம் தந்தது. உழைப்புடன் கூடிய தண்டனை பெற்றவர் சாதாரணமாக நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. கல்வி அதில் கடமையாக இடம்பெறவில்லை.

செக்கும் ஏடும்: 1908–1912

அந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. 1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. 1908 ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் 1 வரை அவர் கோவைச் சிறையில் இருந்தார். சணல் கிழிக்கும் வேலையில் கை பிய்ந்தது. பிறகு மாடு இழுக்க வேண்டிய செக்கில் பூட்டப்பட்டார். இங்கே எண்ணெயும் வந்தது, தண்டனையும் நிறைவேறியது. வருவாயையும் வதையையும் ஒரே பொறியில் இணைத்தது அந்தச் செக்கு.

ஆனால் அதே சிறைவாசம் கல்வியின் வரலாற்றுக்கும் ஒரு சான்று. ஜேம்ஸ் ஆலன் நூலின் மொழிபெயர்ப்பான ‘மனம் போல வாழ்வு’ 1909இல், அவர் சிறையில் இருந்த காலத்திலேயே வெளிவந்தது. கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபின், உடனிருந்த கைதிகளுடன் அறநூல்களைப் பயின்ற சூழலில் ‘மெய்யறம்’ உருவானது. அரசு வகுத்த பாடத்திட்டம் எதுவும் அங்கே கிடையாது. கைதியே கைதிக்கு ஆசிரியர். பிற்காலச் சிறைக் கல்வி இந்த உட்கூட்டுறவைத்தான் மீண்டும் மீண்டும் நம்பியிருக்கிறது. படித்த கைதியை எழுத்தறிவு வகுப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கொள்கை மாறியது, பட்டறை மாறவில்லை

சென்னை மாகாண ஆட்சிப் பணியைச் சேர்ந்த சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு (1919–20), கைதியைத் திருத்துவதும் சமூகத்தில் மீண்டும் நிலைபெறச் செய்வதும் சிறையின் நோக்கம் என்று அறிவித்தது. அதற்குப் பின் சென்னை மாகாணம் இளம் குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளிச் சட்டத்தையும், 1936இல் நன்னடத்தைச் சட்டத்தையும் இயற்றியது. விடுதலைக்குப் பின் ஐ.நா. வல்லுநர் வால்டர் ரெக்லெஸ் இந்தியச் சிறைகளை ஆராய்ந்து 1952இல் அறிக்கை தந்தார். நீதிபதி ஏ.என்.முல்லா தலைமையிலான குழு 1980 முதல் 1983 வரை நாடு முழுவதையும் ஆராய்ந்தது. சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தர 1979இல் வேலூரில் ஒரு கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. கோவை சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை இயங்கியது.

இத்தனைக்குப் பிறகும் தமிழகச் சிறைகளின் தொழில் பட்டியலைப் பாருங்கள்: வேலூரில் காவலர்களுக்கான பூட்ஸ், மதுரையில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி, கோவையில் நெசவு. வாங்குபவர் பெரும்பாலும் அரசுத் துறைகள். இதில் ஓர் அனுகூலம் உண்டு: விற்பனைக் கவலை இல்லை, வேலை தடைப்படுவதில்லை. ஆனால் வெளியில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 2013இல் தொடங்கிய சிறை அங்காடிகள் பொதுமக்களை நேரடி வாடிக்கையாளர்களாக்கின. கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்கள் அடுத்து வந்தன. 2023 ஆகஸ்டில் சென்னை புழல் அருகே பெண் கைதிகள் நடத்தும் நிலையம் திறக்கப்பட்டது. வெளியாரோடு பேசிப் பழகி, பணத்தைக் கையாளும் இந்த வேலைகள், மதிலுக்குள் நடக்கும் எந்தப் பட்டறை வேலையைவிடவும் வெளிவாழ்க்கைக்கு நெருக்கமானவை.

கூலியும் சாதியும்

உழைப்புக்குக் கூலி என்ன என்ற கேள்வி நீதிமன்றங்கள் வழியாகவே கூர்மை பெற்றது. 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குஜராத் அரசு தொடர்பான வழக்கில், கைதிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கூலியின் ஒரு பாதி கைதியின் பராமரிப்புச் செலவுக்கும், ஐந்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோர் நிதிக்கும் நெடுங்காலம் பிடிக்கப்பட்டு வந்தது. மிஞ்சியதுதான் கைதியின் வருமானம். வீட்டில் மனைவியும் குழந்தைகளும் இருக்கும் ஒருவருக்கு இந்த மிச்சம் எதைத் தாங்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

யாருக்கு எந்த வேலை என்பதும் நடுநிலையானதாக இருந்ததில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி அடிப்படையில் சிறை வேலையைப் பிரிக்கும் பல மாநில விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. துப்புரவை ஒரு பிரிவினருக்கும் சமையலை மற்றொரு பிரிவினருக்கும் ஒதுக்கிய விதிகள் அவற்றில் அடங்கும். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த வழக்கமும் அத்தீர்ப்பில் விமரிசிக்கப்பட்டது. சிறை வேலையைத் ‘திருத்தும் பயிற்சி’ என்று அழைத்த காலத்திலும் அது ஊரின் படிநிலையை உள்ளே கொண்டுவந்தது என்பதை இது காட்டுகிறது.

படிப்பும் சிகிச்சையும்

உழைப்போடு ஒப்பிட்டால் கல்வியின் வளர்ச்சி தெளிவானது. எழுத்தறிவு வகுப்பில் தொடங்கி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வரை இன்று சிறைக்குள்ளிருந்தே எழுத முடிகிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகங்களைத் திரட்டியது. 2012இல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் சிறையிலிருந்தே பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,096 மதிப்பெண் பெற்றார். 2022 மே 18 அன்று அவரை விடுவித்த உச்ச நீதிமன்றம், கருத்தில் கொண்டவற்றுள் அவர் சிறையில் பெற்ற கல்வித் தகுதிகளையும் குறிப்பிட்டது. கல்வி, விடுதலைக்கான காரணங்களில் ஒன்றாக நீதிமன்றத்தின் எழுத்தில் பதிவானது முக்கியமான திருப்பம்.

சிகிச்சை உடலிலிருந்து மனத்துக்கு மெதுவாகவே நகர்ந்தது. 1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு நடத்தப்பட்ட விபாசனா முகாமுக்குப் பின் தியானமும் யோகாவும் நாடெங்கும் சிறைகளில் பரவின. இவை பயன் தரலாம். ஆனால் மருத்துவத்துக்கு மாற்றல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல அமைப்பு இருக்க வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கியது. குடிப்பழக்கம் தொடர்பான குற்றங்களுக்காக உள்ளே வருகிறவருக்கு, தறியைவிட முதலில் வேண்டியது போதை மீட்புச் சிகிச்சை. அதற்கான மருத்துவரும் ஆலோசகரும் கிளைச் சிறையில்தான் முதலில் தேவைப்படுகிறார்கள்.

தண்டனை இல்லாதவருக்கு என்ன?

இங்கேதான் திட்டங்களின் பெரிய இடைவெளி புலப்படுகிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். தொழிற்கூடம், கூலி, தண்டனைக் கழிவு ஆகிய அனைத்தும் தண்டனைக் கைதியை மனத்தில் வைத்து உருவானவை. 1894 சட்டம் வகுத்த இந்த எல்லைக்கோட்டை அதற்குப் பின் வந்த சீர்திருத்தங்களும் பெரிதாக அழிக்கவில்லை. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015), விசாரணைக் கைதிக்கு வேலை செய்ய வாய்ப்பளிக்க வேண்டும், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும் என்கின்றன (விதி 116). சிறைத் தொழிலின் லாபத்துக்காகக் கைதியின் பயிற்சி நலனைப் பலியிடக் கூடாது என்கிறது விதி 99.

இந்த அளவுகோலை கணியூர் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். திருப்பூரின் தெருக்களில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்ற பலகைகள் தொங்குகின்றன. பின்னலாடைக்கான இழுபடும் துணியைத் தைக்கும் இந்த இயந்திரங்கள், சீருடைத் துணியைத் தைக்கும் சாதாரண இயந்திரத்திலிருந்து வேறுபட்டவை, கைப்பழக்கமும் வேறு. கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவற்றுக்கும் ஆள் வேண்டும். நெசவு பயின்றவருக்கு பல்லடம், சோமனூர் விசைத்தறிகள் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் இப்பகுதியில் அதிகம் ஆள் எடுக்கும் தொழில் பின்னலாடை.

ஆகவே இந்த ஆய்வு மூன்று முடிவுகளுக்கு வருகிறது. முதலாவது, சிறைத் தொழிலின் வெற்றியை உற்பத்தி மதிப்பால் அளக்கும் 19ஆம் நூற்றாண்டு வழக்கத்தை விட்டு, விடுதலையானவர் அதே தொழிலில் வேலை பெற்றாரா என்பதால் அளக்க வேண்டும். இரண்டாவது, சிறை தரும் சான்றிதழ் சிறையின் பெயரைச் சுமக்காமல் பொதுப் பயிற்சி அமைப்பின் சான்றாக இருந்தால்தான் கம்பெனி மேலாளரின் கதவைத் தாண்டும். மூன்றாவது, சில வாரங்களே உள்ளே இருக்கும் விசாரணைக் கைதிக்கு ஏற்ற குறுகிய பயிற்சியும் போதை மீட்பு ஆலோசனையும் கிளைச் சிறையிலேயே தொடங்கப்பட வேண்டும்.

கோவைச் சிறையை நகருக்கு வெளியே உள்ள பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் இந்த மாற்றத்துக்கு நல்ல தருணம். புதிய பட்டறையில் எந்த இயந்திரங்களை வைப்பது என்று முடிவெடுக்கும்போது, காவல் துறையின் கொள்முதல் பட்டியலோடு திருப்பூரின் வேலைப் பலகைகளையும் படித்தால், 1838 முதல் அரசுக்காகவே வகுக்கப்பட்ட சிறை உழைப்பு முதன்முறையாகக் கைதியின் நாளைக்காகவும் வகுக்கப்படும்.