டவுன் சிண்ட்ரோம் குழந்தை: வீட்டுப் பராமரிப்பு

டவுன் சிண்ட்ரோம் என்பது உடலின் செல்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வரும் பிறவி நிலை. இதன் அடையாளங்களை 1866இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விவரித்தார். குரோமோசோம்தான் காரணம் என்பதை 1959இல் பிரான்ஸின் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். நூற்றுக்கு 95 பேருக்கு இது தற்செயலாக நேர்வது. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததாலோ பப்பாளி தின்றதாலோ வருவதில்லை. தாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. மூன்று நான்கு பேருக்கு மட்டும் குரோமோசோம் இடம் மாறி ஒட்டியிருக்கும். அது பெற்றோர் வழியாகவும் வரலாம் என்பதால், அடுத்த பிள்ளைக்கு முன் குரோமோசோம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இதயமும் பரிசோதனைகளும்

டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெரிய ஓட்டை இருந்தும் முதல் வாரங்களில் குழந்தை நன்றாகவே இருக்கலாம், ஸ்டெதஸ்கோப்பில் சத்தம்கூடக் கேட்காது. நுரையீரல் இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் குறை மறைந்து கிடக்கும். “குழந்தை நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிட்டால் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்துவிடும். ஆகவே முதல் மாதத்திலேயே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாக வேண்டும். தைராய்டு பரிசோதனை பிறந்ததும், 6ஆம் மாதமும், ஓராண்டிலும், பிறகு ஆண்டுதோறும். காது, கண் பரிசோதனையை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. தடுப்பூசிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள அட்டவணைப்படியே.

பால் கொடுத்தல்

தசைகள் தளர்ந்திருப்பதால் உறிஞ்சும் பலம் குறைவு. நாலு வாய் குடித்ததும் தூங்கிவிடும். அழும்வரை காத்திருக்காமல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். தாய் ஒரு கையால் மார்பைத் தாங்கி, அதே கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவில் குழந்தையின் தாடையை ஏந்திக்கொண்டால் வாய் நழுவாமல் பிடிக்கும். தலை உயர்ந்தே இருக்கட்டும். குடிக்க முடியாதபோது தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். எடையை இக்குழந்தைகளுக்கென்றே உள்ள வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொது வரைபடத்தில் வைத்து வீணாகக் கலங்க வேண்டாம். பால் குடிக்கையில் வியர்த்துக் கொட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனை.

தூளியும் தரையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கத்து வீடுகளில் கைக்குழந்தைக்குத் தூளிதான் இடம். இந்தக் குழந்தை பெரும்பாலும் அதிகம் அழாது, அடம் பிடிக்காது. அதனாலேயே நாளெல்லாம் தூளியில் கிடந்துவிடும். சேலைக்குள் வளைந்து கிடக்கும் உடலுக்குக் கழுத்தைத் தூக்கவோ கையை ஊன்றவோ வாய்ப்பில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வைத்து, எதிரே அம்மாவோ ஆயாவோ படுத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். முதலில் சில நிமிடம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். மல்லாக்கப் படுத்திருக்கையில் கால்கள் தவளைபோல் அகன்று விழும். மடித்த துணியைத் தொடைகளின் வெளிப்பக்கம் அணை கொடுத்தால் போதும். நடை பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி வரும், சிலருக்கு நான்கும் ஆகும்.

உரம் (சுளுக்கு) எடுக்கிறோம் என்று சேலையில் போட்டு உருட்டுவது இவர்களுக்கு ஆபத்து. கழுத்தெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்வானவை. மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். உடம்புக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதில் தவறில்லை.

உதவி

நடுவண் அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டம் (2013) டவுன் சிண்ட்ரோமைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார். ஏனாத்தூரிலேயே மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், சென்னையில் மதுரம் நாராயணன் மையமும் வீட்டில் செய்யும் பயிற்சியைப் பெற்றோருக்கே கற்றுத் தருகின்றன. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை செலவை ஏற்கும். “பேசும் வயசு வரட்டும்” என்று தள்ளிப்போடாதீர்கள்; குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் மாதத்திலேயே போங்கள்.