எல்லைக்கோடும் வாக்கும்: அம்பாறைக் கரையோரம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கு

இலங்கையில் 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் வாக்கின் பெறுமதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, தேர்தலுக்கு வெகுகாலம் முன்பே கீறப்படும் எல்லைக்கோடு. இதை அம்பாறைக் கரையோரம் போல் தெளிவாகக் காட்டும் இடம் நாட்டில் அதிகம் இல்லை.

2. கோடு கீறப்பட்ட வரலாறு

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் வீதியால் போனால் இருபுறமும் வயல். குளத்து நீரை நம்பிய தமிழ் விவசாயியும் பக்கத்து வரவையில் வெள்ளாமை செய்யும் முஸ்லிம் விவசாயியும் ஒரே பேச்சுத்தமிழ் பேசுவார்கள். இருவருக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு. காணிப் பிணக்கு முற்றினால் இருவரும் ஏற வேண்டியது அம்பாறைக் கச்சேரிப் படிதான். அங்கிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிக்க ஆள் தேடுவது கரையோரத்தின் பழைய துயரம். 1987இல் தமிழும் ஆட்சிமொழியான பின்பும் அது தீரவில்லை.

1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. காணியில்லாத ஏழைச் சிங்களக் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்கள்மேல் பழி சொல்வது அநீதி. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது. 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், தமிழர் சுமார் 17 வீதம். பத்தில் ஆறு பேர் தமிழ் பேசும் மாவட்டத்தின் தலைநகர், சிங்களம் பேசும் உள்நாட்டு நகர்.

3. அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்க யாப்பின் 15ஆம் திருத்தம் 1870இல் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைக் காத்தது. தென்மாநிலங்கள் அதை எழுத்தறிவுச் சோதனையாலும் வரியாலும் பறித்தன. 1957இல் அலபாமா சட்டசபை, சதுரமாயிருந்த டஸ்கிகீ நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக்கியது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளரில் நாலைந்து பேரைத் தவிர அனைவரும் நகருக்கு வெளியே போயினர். வெள்ளையர் ஒருவரும் போகவில்லை. 1960இல் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்தது. 1965இன் வாக்குரிமைச் சட்டம் தந்த முன்னனுமதிக் காப்பு, அதாவது தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை, 2013இல் செயலிழந்தது. வென்ற உரிமையும் கைநழுவும்.

4. சிறுபான்மைக்குள் சிறுபான்மை

நமது யாப்பின் 15ஆம் திருத்தமும் வாக்கைப் பற்றியதே. 1988இல் அது ஆசனம் பெறத் தேவையான வாக்கு வெட்டுப்புள்ளியை எட்டிலொன்றிலிருந்து இருபதிலொன்றாக்கிச் சிறு கட்சிகளுக்கு வழிவிட்டது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் போராடிப் பெற்ற பேறு அது. ஆயினும் 2020இல் வாக்குப் பிளந்ததால் திகாமடுல்ல எனப்படும் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தின் தமிழர் ஓர் உறுப்பினரையும் பெறவில்லை. 2024இல் ஒருவரைப் பெற்றனர்.

அம்பாறைக் கரையோர நகரான கல்முனையில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர். நகரும் காணியும் கைவிட்டுப் போகுமென முஸ்லிம்கள் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு 1990இல் கிழக்கில் முஸ்லிம்கள் சிந்திய இரத்தமும் காரணம். அதை எவரும் எள்ளக்கூடாது. எனினும் அம்பாறைக் கச்சேரியிடம் முஸ்லிம்கள் கேட்கும் நியாயத்தையே கல்முனைத் தமிழர் கேட்கிறார்கள். எல்லையை இரு சமூகமும் ஒரே மேசையிலிருந்து கீற வேண்டும்.

5. நிலுவை

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அவ்வாண்டின் புதிய மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்குத் தொகுதி எல்லைகள் தேவைப்பட்டன. எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. மாகாணத் தேர்தல் அந்த இடத்திலேயே முடங்கியது.