கண் கொடுக்கிறோம், கை வேண்டாம்

2017 செப்டம்பர் 14. ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு கூடியிருக்கிறது. சாட்சி சொல்ல வந்திருப்பவர் லெப்டினன்ட் ஜெனரல் பியர் சென்ட் அமான்ட். லேசுப்பட்ட ஆளில்லை. அமெரிக்காவும் கனடாவும் கூட்டாக நடத்தும் நோராட் என்கிற வான் பாதுகாப்பு அமைப்பின் துணைத் தளபதி. அந்த வருஷம்தான் வடகொரியா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை விட்டுப் பார்த்து உலகத்துக்கே வயிற்றில் புளியைக் கரைத்திருந்தது. ஆகவே, கேள்வி நேரடியானது. ஓர் ஏவுகணை கனடாவை நோக்கி வந்தால் அமெரிக்கா சுட்டு வீழ்த்துமா?

அவர் பூசி மெழுகவில்லை. இப்போதுள்ள அமெரிக்கக் கொள்கையின்படி கனடாவைப் பாதுகாப்பது அதில் சேர்த்தியில்லை என்று சொல்லிவிட்டார்.

கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். காரணம், அறுபது வருஷமாக அந்த ஊர் ஜனங்கள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நமக்கு ஒன்று என்றால் பக்கத்து வீட்டு அண்ணன் சும்மா இருப்பாரா? இருப்பாராம். ஏன் அப்படி? அதைத் தெரிந்துகொள்ள 1957-க்குப் போகவேண்டும்.

முதலில் பூகோளம். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான உலக வரைபடத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். உருண்டையைக் கையில் எடுத்து, அதன் உச்சந்தலையிலிருந்து பாருங்கள். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குறுக்கு வழி அட்லாண்டிக் கடல் இல்லை. வட துருவம். துருவத்தைத் தாண்டினால் அடுத்து வருவது? கனடா. குண்டு போடும் விமானமானாலும் சரி, ஏவுகணையானாலும் சரி, வாஷிங்டனுக்குப் போகிற வழியில் கனடாவின் தலைக்கு மேலேதான் போயாகவேண்டும். சண்டை இரண்டு பேருக்குள். வாசல் மூன்றாவது ஆளுடையது.

வாசலில் காவல் போடாமல் இருக்க முடியுமா? 1957-ல் ஆர்க்டிக் பனிப் பிரதேசத்தில் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பாஃபின் தீவு வரைக்கும் வரிசையாக ராடார் நிலையங்கள் கட்டி முடிக்கப்பட்டன. நிலம் பெரும்பகுதி கனடாவுடையது. செலவு அமெரிக்காவுடையது. அதே வருஷம் ஜான் டீஃபன்பேக்கர் கனடாவின் பிரதமரானார். பதவியேற்ற ஒரு மாதம் சொச்சத்தில், மந்திரிசபையில் வைத்து ஒழுங்காக விவாதிக்கக்கூட இல்லாமல் நோராடுக்குத் தலையாட்டிவிட்டார். 1958 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. தளபதி அமெரிக்கர், துணைத் தளபதி கனடாக்காரர், தலைமையகம் அமெரிக்காவில் கொலராடோ. இன்றுவரை அதே ஏற்பாடுதான். 2001 செப்டம்பர் 11 காலையில் அந்த மலைக்குகைக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருந்தவர்கூட ஒரு கனடா ஜெனரல்தான்.

ஆக, கனடா கண்ணைக் கொடுத்தாயிற்று. வருகிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்லும் வேலை. அதில் யாருக்கும் பெரிய சங்கடம் இல்லை. அடுத்து அண்ணன் கையைக் கேட்டார். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

அப்போது கனடா சொந்தமாக ஒரு போர் விமானம் செய்துகொண்டிருந்தது. அவ்ரோ ஆரோ. 1957 அக்டோபர் 4 அன்று அதை ஊருக்குக் காட்டினார்கள். போதாத காலம் பாருங்கள், அன்றைக்குத்தான் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் விட்டது. இனிமேல் விமானத்துக்கு என்ன வேலை, எல்லாம் ஏவுகணைக் காலம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கனடாவும் அமெரிக்காவிடமிருந்து போமார்க் ஏவுகணைகளை வாங்கச் சம்மதித்தது. 1959 பிப்ரவரி 20 அன்று ஆரோ திட்டத்தை ஊற்றி மூடினார் டீஃபன்பேக்கர். ஒரே நாளில் பதினாலாயிரம் பேருக்குமேல் வேலை போனது. செய்து முடித்த விமானங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். அந்த எஞ்சினியர்களில் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாசாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, போமார்க் வந்ததா? வந்தது. ஒண்டாரியோவில் நார்த் பே, கியூபெக்கில் லா மக்காஸா என்று இரண்டு இடங்களில் 56 ஏவுகணைகள். ஒரே ஒரு சிக்கல். அது அணுகுண்டு முனை பொருத்தினால்தான் உபயோகப்படும் ஜாதி. அணுகுண்டை உள்ளே விடுவதா வேண்டாமா என்று டீஃபன்பேக்கருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. முடியாது என்றும் சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார். ஏவுகணைகள் முனையில்லாமல் வெறும் கூடாக நின்றுகொண்டிருந்தன. துப்பாக்கி வாங்கி, தோட்டா வேண்டாம் என்று சொன்ன கதை.

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி. கனடாவும் உஷார் நிலைக்கு வரவேண்டும் என்று கென்னடி எதிர்பார்க்கிறார். டீஃபன்பேக்கர் இரண்டு நாள் யோசித்தார். ராணுவ மந்திரி டக்ளஸ் ஹார்க்னஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிரதமருக்குத் தெரியாமலேயே படைகளை ரகசியமாகத் தயார் செய்தார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதற்கப்புறம் அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. 1963 ஜனவரி 30 அன்று, கனடா பிரதமர் அவருடைய நாடாளுமன்றத்தில் சொன்னதையே மறுத்து அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை விட்டது. அடுத்த நாட்டுப் பிரதமரைப் பகிரங்கமாக மறுத்து அறிக்கை! ஒரே வாரம். ஹார்க்னஸ் ராஜினாமா. பிப்ரவரி 5 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு கவிழ்ந்தது. ஏப்ரல் தேர்தலில் லெஸ்டர் பியர்சன் ஜெயித்தார். யார் இவர்? 1957-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். அவர் காலத்தில்தான் போமார்க்குக்கு அணுகுண்டு முனை வந்து இறங்கியது. மாண்ட்ரியாலிலிருந்து ஒருவர் பத்திரிகையில் பியர்சனைக் காய்ச்சி எடுத்தார். அவர் பெயர் பியர் ட்ரூடோ. இரண்டு வருஷம் கழித்து அதே பியர்சனின் கட்சியில் சேர்ந்தார், 1968-ல் பிரதமரும் ஆனார். அரசியலில் இதெல்லாம் சகஜம். ஆனால் ட்ரூடோ ஒரு காரியம் செய்தார். 1972-ல் போமார்க்குகளை மூட்டை கட்டி அனுப்பினார். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் வாழ்வது யானையின் பக்கத்தில் படுத்துத் தூங்குவது மாதிரி என்று 1969-ல் வாஷிங்டனுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான். யானை எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அது கொஞ்சம் புரண்டால் இவருக்குத் தூக்கம் போய்விடும்.

இந்த அனுபவத்திலிருந்துதான் கனடா தனக்கென்று ஒரு சூத்திரத்தை உருவாக்கிக்கொண்டது. கண் கொடுக்கிறோம், கை வேண்டாம். பார்த்துச் சொல்வோம். சுடுவதில் பங்கில்லை.

1985-ல் அது அழகாக வேலை செய்தது. விண்வெளியிலிருந்தே ஏவுகணைகளைத் தடுக்கப் போகிறேன் என்று ரீகன் ஒரு மாபெரும் திட்டத்தை அறிவித்து, நட்பு நாடுகளையெல்லாம் வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மார்ச்சில் கியூபெக் நகரத்துக்கு விருந்தாளியாக வந்தார். கனடா பிரதமர் பிரையன் மல்ரோனியும் அவரும் மேடையில் ஜோடி போட்டுப் பாட்டே பாடினார்கள். அந்தச் சந்திப்பில், ஆர்க்டிக்கின் பழைய ராடார்களை மாற்றிப் புதிதாக அமைப்பது, செலவில் அமெரிக்கா அறுபது சதவீதம், கனடா நாற்பது சதவீதம் என்று ஒப்பந்தம். ஆறு மாதம் போனது. செப்டம்பரில் மல்ரோனி, ரீகனின் விண்வெளித் திட்டத்தில் எங்கள் அரசாங்கம் சேராது, கம்பெனிகள் ஆர்டர் பிடித்தால் தடுக்கமாட்டோம் என்று அறிவித்தார். கண்ணுக்குச் சரி, கைக்கு இல்லை. ரீகன் கோபித்துக்கொள்ளவில்லை.

எல்லா நாளும் அப்படி அமையுமா?

2002-ல் புஷ், ரஷ்யாவுடன் இருந்த ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகினார். 2004-ல் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் தடுப்பு ஏவுகணைகள் பூமிக்குள் இறங்கின. கனடாவும் சேரவேண்டும் என்றார்கள். கவனியுங்கள், காசு கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. நாங்களும் கூட இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். பிரீமியமே இல்லாத இன்ஷூரன்ஸ் பாலிசி என்று யாராவது நீட்டினால், வாங்குகிறேனோ இல்லையோ, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு தடவை படிப்பேன். கனடா ஜனங்களும் அதைத்தான் செய்தார்கள். இன்றைக்கு ஒரு வார்த்தை, நாளைக்கு விண்வெளியில் ஆயுதமா? இராக் யுத்தத்துக்கு வரமாட்டோம் என்று 2003-ல் சொன்ன தேசம் அது. புஷ் என்றாலே அங்கே பலருக்கு ஆகாது. கரோலின் பாரிஷ் என்கிற ஆளுங்கட்சிப் பெண் எம்.பி., டி.வி. நிகழ்ச்சியில் புஷ் பொம்மையைக் காலால் மிதித்து, கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். போதாக்குறைக்கு அந்தத் தடுப்பு ஏவுகணையே அப்போது ஒழுங்காக வேலை செய்யவில்லை. 2004 டிசம்பரில் ஒன்று, 2005 பிப்ரவரியில் ஒன்று, இரண்டு சோதனைகளிலும் அது குழியை விட்டே கிளம்பவில்லை.

பிரதமர் பால் மார்ட்டினுக்கு ஆரம்பத்தில் சேர ஆசைதான். ஆனால் 2004 தேர்தலில் 308 இடங்களில் 135தான் கிடைத்து, மைனாரிட்டி அரசு நடத்திக்கொண்டிருந்தார். கியூபெக்கில் கடும் எதிர்ப்பு. சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு. 2005 பிப்ரவரி 23 அன்று பட்ஜெட்டில் ராணுவத்துக்கு ஐந்து வருஷத்தில் 1,280 கோடி டாலர் என்று தாராளம் காட்டினார். மறுநாள், 24-ம் தேதி, வெளியுறவு மந்திரி எழுந்து, சேரவில்லை என்று அறிவித்தார். ஒரு கையில் இனிப்பு, மறு கையில் கசப்பு. ஒட்டாவாவிலிருந்த அமெரிக்கத் தூதர் பால் செலூச்சி வெளிப்படையாகவே ஆச்சரியப்பட்டார். உங்கள் நாட்டை நோக்கி வரும் ஏவுகணையை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற உரிமையை நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்களே என்பது அவருடைய வாதம்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு ஆறு மாதம் முன்பே, 2004 ஆகஸ்டில், நோராட் திரட்டும் எச்சரிக்கைத் தகவல்களை அமெரிக்க ஏவுகணைத் தடுப்புப் பிரிவு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கனடா கையெழுத்துப் போட்டிருந்தது. பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது, தாலி மட்டும் வேண்டாம் என்றார்கள்.

இதன் விளைவை அந்தக் கட்டுப்பாட்டு அறையில் வைத்துப் பாருங்கள். திரையில் ஒரு புள்ளி. அமெரிக்க அதிகாரியும் கனடா அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வருகிறது என்று கனடாக்காரரே அறிவிக்கலாம். எங்கே விழும் என்றும் சொல்லலாம். அடுத்து, சுடுவதா வேண்டாமா? அந்தக் கேள்வி வந்ததும் அவர் வாயைத் திறக்க உரிமையில்லை. விழப்போவது அவருடைய சொந்த ஊராக இருந்தாலும்தான். டொரண்டோவாக இருக்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு அங்கே அக்கா, தங்கை, பெரியப்பா பிள்ளை இருக்கிறார்கள்! சென்ட் அமான்ட் 2017-ல் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அப்படியானால் சேர்ந்திருக்கலாமே? 2014-ல் கனடா செனட் கமிட்டி ஒருமனதாக அப்படித்தான் சிபாரிசு செய்தது. எந்த அரசும் அதைத் தொடவில்லை. எதிர்க்கட்சியில் இருந்தபோது மார்ட்டினை விமர்சித்த ஸ்டீபன் ஹார்ப்பர்கூடப் பிரதமரான பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. காரணம் புரிகிறது. சேர்ந்தாலும் துப்பாக்கி அண்ணனுடையது, தோட்டா அவருடையது. ஃபோர்ட் கிரீலியில் 40, கலிஃபோர்னியாவில் 4, மொத்தம் 44 தடுப்பு ஏவுகணைகள். சோதனைகளில் ஏறத்தாழப் பாதிதான் குறி தப்பாமல் அடித்தன. சியாட்டிலா, வான்கூவரா என்று ஒரு நெருக்கடி வந்தால், மேஜையில் ஒரு நாற்காலி இருப்பதால் மட்டும் வான்கூவர் முந்திவிடுமா?

2025 மே மாதம் கதை புதுத் திருப்பம் எடுத்தது. டிரம்ப், தங்கக் குவிமாடம் என்று ஒரு பிரம்மாண்டத் திட்டத்தை அறிவித்தார். மதிப்பு 17,500 கோடி டாலர் என்றார். கனடா பிரதமர் மார்க் கார்னியும் பேச்சு நடப்பதை ஒப்புக்கொண்டார். ஒரே வாரத்தில் விலைப்பட்டியல் வந்துவிட்டது. தனி நாடாகச் சேர்ந்தால் 6,100 கோடி டாலர். அமெரிக்காவின் 51-வது மாநிலமாகிவிட்டால் இலவசம். ஐ.நா.வில் கனடாவின் தூதராக இருந்த பாப் ரே இதை மாமூல் வசூலோடு ஒப்பிட்டார்.

2004-ல் விலை பூஜ்யம். 2025-ல் 6,100 கோடி. அல்லது நாடே. கவனித்தால், இரண்டு முறையும் விலையை எழுதியவர் ஒரே ஆள். என்னைப் பொறுத்தவரை மொத்தச் சரித்திரமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஏவுகணை வருமா, வந்தால் தடுக்குமா என்பதெல்லாம் எஞ்சினியர் கேள்விகள். விலையை யார் எழுதுகிறார் என்பதுதான் நாட்டின் கேள்வி.

அதனால்தான் கனடா சமீப காலத்தில் செய்த இரண்டு காரியங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 2022 ஜூனில் நோராடை நவீனப்படுத்த ஆறு வருஷத்தில் 490 கோடி டாலர் என்று ராணுவ மந்திரி அனிதா ஆனந்த் அறிவித்தார். அவருடைய அப்பா தமிழர். 2025 மார்ச்சில் கார்னி ஆர்க்டிக்கின் இக்காலூயிட்டுக்குப் போய், 600 கோடி டாலருக்கு மேல் செலவில், தொடுவானத்துக்கு அப்பாலும் பார்க்கக்கூடிய ராடாரை ஆஸ்திரேலியாவுடன் சேர்ந்து அமைக்கப்போவதாகச் சொன்னார். அமெரிக்காவிடமிருந்து அல்ல. ஆஸ்திரேலியாவிடமிருந்து!

1957-ல் கனடாவின் நிலத்தில் நின்ற கண்களுக்குக் கூலி கொடுத்தவர் அண்ணன். இப்போதுதான் தன் கண்ணுக்குத் தானே பணம் கட்ட ஆரம்பித்திருக்கிறது. கை கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வாசலில் வருவது யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால், பேரம் பேச என்ன இருக்கிறது?