விரலின் விலை

தகட்டை வெட்டியும் மடித்தும் துளையிட்டும் பண்டமாக்குகின்ற பட்டறைகளில் பவர் பிரஸ் என்னும் இயந்திரத்தை நாம் காண்கிறோம். தொழிலாளி தகட்டை அச்சின்மேல் வைத்து மிதியை அழுத்துகிறான். மேலச்சு இறங்கித் தகட்டுக்கு உருக்கொடுத்து மீளுகிறது. ஒரு நாளில் இது பன்னூறு முறை நிகழும். ஒருமுறை கை பிந்திவிட்டால், தகடென்றும் விரலென்றும் அந்த அச்சு வேற்றுமை பாராட்டுவதில்லை. அவ்வாறு போன விரலுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடைகாண நம் நாட்டிற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டில் தோன்றிற்று. இயந்திர சக்தியைக் கொண்டு 100 பேருக்குக் குறையாமல் வேலை நடக்கும் ஆலைகளை மட்டுமே அது தழுவியது. ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டுமென்று அது விதித்தது. கையிழந்தவனுக்கு நஷ்டஈடு பெறும் உரிமையை வழங்கவில்லை. 1855ஆம் ஆண்டின் வேறொரு சட்டம், பிறர் தவறால் மாண்டவரின் குடும்பத்தார் வழக்காட இடந்தந்தது. ஆனால் முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்கும் சுமை அக்குடும்பத்தின் மேலேயே விழுந்தது. கணவனை இழந்த ஒருத்தி சாட்சிகளைத் தேடி நீதிமன்றத்தின் படியேறுவது எளிதோ?

இந்நிலையை மாற்றியது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். 1924ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலையினாலும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். முதலாளி தவறிழைத்தாரா என்ற ஆராய்ச்சி வேண்டுவதில்லை. உரிமையை விட்டுவிட்டதாகத் தொழிலாளியிடம் எழுதி வாங்கினாலும் அவ்வொப்பந்தம் செல்லாது. எனினும் குறைகள் இருந்தன. காயத்தின் முதல் 10 நாட்களுக்கு உதவி இல்லை. 1959ஆம் ஆண்டில்தான் இக்காத்திருப்பு 3 நாட்களாகக் குறைந்தது.

உடலுறுப்புகளுக்கு இச்சட்டம் ஓர் அட்டவணையும் வகுத்தது. பின்னர்த் திருத்தப்பெற்ற அவ்வட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் போயிற்று என்று கொள்ளப்பட்டது; சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. ஆனால் கணக்கு வேறு, வாழ்க்கை வேறு. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது. ஆதலின் அவர் இழந்தது முழுத்திறனே என்று உச்ச நீதிமன்றம் 1975ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தபோதே நஷ்டஈடு கொடுக்கும் கடமையும் பிறந்துவிடுகிறது என்றும் அது கூறிற்று. கடைசல் பிடிப்பவருக்கும் பற்றவைப்பவருக்கும் இத்தீர்ப்பின் பொருள் நன்கு விளங்கும்.

சுதந்திரத்திற்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இயந்திரம் ஓடுங்கால் அதன் காப்பு அதனதன் இடத்தில் இருக்கவேண்டும் என்று வலியுறுத்திற்று. அதே ஆண்டின் மாநிலத் தொழிலாளர் காப்புறுதிச் சட்டத்தின்கீழ், 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதில் சேர்ந்தோர்க்கு மருத்துவமும் ஊனத்துக்கான உதவித்தொகையும் பொது நிதியிலிருந்து கிடைக்கலாயின. 1923ஆம் ஆண்டுச் சட்டமோ 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கலந்தது. அத்தொகுப்பு 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஒன்றை நாம் மறக்கலாகாது. வேண்டுமென்றே காப்பைக் கழற்றிய தொழிலாளி நஷ்டஈட்டை இழக்கக்கூடும் என்று பழைய சட்டம் சொல்லிற்று. ஆனால் காப்பிருந்தால் வேகம் குறையும், எண்ணிக்கை தேறாது என்று அவனை விரட்டியவர் யார்? அதையும் கேட்பதே நீதி. இழந்த விரலுக்கு விலை வகுக்கச் சட்டத்தால் இயலும். அதைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது. ஆதலின், நஷ்டஈட்டுக்கு முன்னதாக வேலியே தொழிலாளியின் முதல் உரிமை என்று நாம் கொள்ளவேண்டும்.