முப்பத்து நான்கில் முதல் சாகித்தியம்

பாட்டின் சொல்லையும் அதன் இசையையும் ஒருவரே படைத்தால் அவரை வாக்கேயகாரர் என்று அழைப்பது கர்நாடக இசை மரபு. அந்தத் தகுதி இளமையிலேயே குருவிடம் அமர்ந்தவர்க்கே வாய்க்கும் என்ற எண்ணமும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1917இல் பிறந்த அம்புஜம் கிருஷ்ணா சிறுவயதில் முறையாக இசை பயின்றவர்தாம் என்றாலும், திருமணமாகி, மதுரையின் பெரும் தொழில் குடும்பமொன்றில் இல்லறம் நடத்தி, 1951இல் அயோத்திப் பயணத்தின்போதுதான், அதாவது ஏறத்தாழ முப்பத்து நான்காம் வயதில்தான், சாகித்தியம் எனப்படும் பாடல்வரிகளை இயற்றத் தொடங்கினார்.

தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் உள்ளிட்ட பல மொழிகளில் அவர் எழுதிய அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு மெட்டு, அதாவது ராகமும் தாளமும் இணைந்த இசைவடிவம், அமைத்தவர்கள் முசிறி சுப்பிரமணிய ஐயர், வி. வி. சடகோபன், எஸ். ராமநாதன், மதுரை என். கிருஷ்ணன், டி. என். சேஷகோபாலன் போன்ற வித்துவான்கள். இதனால் வாக்கேயகாரர் என்ற சொல் அவருக்குக் கண்டிப்பாகப் பொருந்தாது எனலாம். ஆயினும் இலக்கணம் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்குள் எதுகையும் மோனையும் தாளத்தின் இடமறிந்து விழுமாறு சொல்லை அடுக்கத் தெரியாதவர் எழுதிய வரிகளில் எந்த வித்துவானாலும் மெட்டை எளிதில் பொருத்திவிட முடியாது. அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்கள் ‘கீதமாலா’ என்ற பெயரில் தொகுதிகளாக வெளிவந்தன. அவர் 1989இல் மறைந்த பின்னும் கச்சேரி மேடைகளில் அவை ஒலித்துக்கொண்டிருக்கின்றன.