காகித நாடாவும் கர்னலும்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் பிடிபி-7 கணினிக்கென யூனிக்ஸ் இயக்குதளத்தின் கர்னலை, அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அடிப்படை நிரலை, எழுதத் தொடங்கியபோது, ஆக்கும் பணி ஜிஇ-635 என்னும் வேறொரு பெரிய கணினியிலேயே நடந்தது. ஒரு கணினியில் ஓடியவாறே மற்றொன்றுக்குரிய இயந்திரமொழியை ஆக்கித்தரும் கிராஸ் அசெம்பிளரின் விளைவு காகித நாடாவில் துளைகளாகப் பதிக்கப்பட்டு, கையால் சுமந்து வரப்பட்டே பிடிபி-7இல் சோதிக்கப்பட்டது; இன்று கர்னல் எழுதுவோர் முதலில் நிறுவிக்கொள்ளும் கிராஸ் கம்பைலரும் இதே வழிவந்ததுதான். கர்னலோடு எடிட்டர், அசெம்பிளர், கட்டளைகளை ஏற்கும் எளிய ஷெல் ஆகியவையும் தேறியதும் நாடாவின் தேவை ஒழிந்தது. தன்னை வளர்க்கும் கருவிகளைத் தன்னுள்ளேயே பெற்ற அந்தக் கட்டமே, பெரிதும் பேசப்படும், 1973இல் கர்னலைச் சி மொழியில் திருப்பி எழுதிய மாற்றத்தைவிட, யூனிக்ஸின் பிறப்பெனக் கொள்ளத்தக்கது.